பழைய பிக்கப் வண்டிக்கு வீட்டிலேயே சஸ்பென்ஷன் புஷ் மாற்றுவது

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடியில் 'டொக்' என்று ஒரு தட்டு. இந்தச் சத்தம் கேட்டால் பலரும் முதலில் கைவைப்பது ஷாக் அப்சார்பரில்தான். புதுசு போட்ட பிறகும் தட்டு நிற்காது. ஷாக் அப்சார்பரின் வேலை துள்ளலை அடக்குவது. பட்டையும் (தகடுகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்) கண்ட்ரோல் ஆர்மும் (முன்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் கை) சேஸிஸோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் தேய்ந்து, இரும்பு இரும்பில் மோத ஆரம்பித்துவிட்டால், அதற்கு ஷாக் அப்சார்பர் ஒன்றும் செய்ய முடியாது.

என்னிடம் இருப்பது முன்னால் கண்ட்ரோல் ஆர்மும் டார்ஷன் பாரும் (முறுக்கால் ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி), பின்னால் பட்டையும் உள்ள பழைய ரகம். அதன் அடிவேலை எல்லாம் வீட்டில் நானேதான் பார்க்கிறேன். புஷ் மாற்றுவதைப் பற்றி யார் கேட்டாலும் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்வேன். நேரத்தையெல்லாம் தின்பது துருப்பிடித்த போல்ட்தான். புஷ்ஷைக் கழற்றி மாட்டுவது அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அப்புறம், புது புஷ் எத்தனை காலம் உழைக்கும் என்பது கடைசியாக நட்டை இறுக்கும்போது வண்டி எந்த நிலையில் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

இரண்டாவது ஏன் என்று புரிய, புஷ்ஷின் அமைப்பு தெரிய வேண்டும். ரப்பர் புஷ் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய், நடுவில் ரப்பர். ரப்பர் இரண்டு குழாயோடும் ஒட்டிப்பிடித்திருக்கும். வெளிக்குழாய் பட்டையின் கண்ணுக்குள், அதாவது முனையில் சுருட்டிய வளையத்துக்குள், இறுக்கமாக அடித்து ஏற்றப்பட்டிருக்கும். உள்குழாயின் இரண்டு முனையையும் பிராக்கெட்டின் காதுகள் போல்ட்டின் இறுக்கத்தால் கவ்விப் பிடித்திருக்கும். பட்டை மேலும் கீழும் ஆடும்போது உள்குழாய் அசையாது, வெளிக்குழாய் பட்டையோடு கொஞ்சம் திரும்பும், நடுவில் உள்ள ரப்பர் முறுங்கி முறுங்கி மறுபடி நிமிரும். இதில் எங்கேயும் வழுக்கிச் சுற்றும் பாகம் கிடையாது. அதனால் நட்டை இறுக்கும் நொடியில் பட்டை எந்த நிலையில் இருக்கிறதோ, அதுதான் அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை.

வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? கீழே இறக்கிய அந்தக் கணமே ரப்பர் ஒரு பக்கமாக முறுங்கிவிடும். வண்டி சும்மா நிற்கும்போதும் முறுக்கிலேயே இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது அதற்கு மேலும் முறுங்கும். சீக்கிரமே குழாயை விட்டுக் கிழியும். புது புஷ் போட்டும் கொஞ்ச நாளில் பழைய சத்தம் திரும்ப வந்துவிட்டது, பொருள் சரியில்லை என்று சிலர் புலம்புவார்கள். அதில் பாதிக்கு மேல் இப்படி இறுக்கியதாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

எது போயிருக்கிறது என்று பார்ப்பது

ஓட்டும்போதே சில அடையாளம் தெரியும். நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கை அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். அலைன்மென்ட் பார்த்துக் கொடுத்தாலும் நிற்காது, முன் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேயும். ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது பின்பக்கம் லேசாக நெளிவதுபோல இருந்தால், பட்டையின் முன்கண் புஷ்ஷைச் சந்தேகப்படலாம். ஆக்சிலை முன்னும் பின்னும் நகரவிடாமல் பிடித்திருப்பது அதுதான்.

அப்புறம் ஒரு டார்ச்சும் சின்னக் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு அடியில் பாருங்கள். ரப்பரின் மேல்தோலில் மெல்லிய வெடிப்புகள் இருப்பது வயதின் அடையாளம், அதற்காக மாற்ற வேண்டியதில்லை. ஆழமாகப் பிளந்திருந்தால், ஓரத்தில் பிதுங்கி வெளியே வந்திருந்தால், எண்ணெயில் ஊறிக் கொழகொழவென்று ஆகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். உள்குழாய் நடுவில் நிற்கிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் ரப்பர் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் தெரிந்தால் அது உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். போல்ட்டைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் மாவுபோலத் துருப்பொடி படிந்திருந்தால், அங்கே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கிறது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். கடப்பாரையைக் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினால் நல்ல புஷ் இறுக்கமாகக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, விட்டதும் திரும்பி வரும். தேய்ந்தது 'டக்' என்று தாண்டும்.

இதே நேரத்தில் பால் ஜாயின்ட்டையும் (கண்ட்ரோல் ஆர்மின் சக்கரப் பக்க முனையில் உள்ள உருண்டை மூட்டு) ஆட்டிப் பார்த்துவிடுங்கள். அதுவும் இதே மாதிரிதான் சத்தம் போடும்.

ரப்பரா, பாலியூரித்தேனா

பாலியூரித்தேன் புஷ் வேறு மாதிரி வேலை செய்யும். அது எதோடும் ஒட்டியிருக்காது, உள்குழாயின் மேல் வழுக்கிச் சுற்றும். அதனால் அதற்குக் கிரீஸ் வேண்டும், கிட்டோடு வரும் சிலிக்கோன் வகைக் கிரீஸ்தான் போட வேண்டும். கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். நீண்ட நாள் உழைக்கும், ஸ்டீயரிங் பிடிப்பும் கூடும். ஆனால் ரோட்டின் அதிர்வு முழுதும் உள்ளே வரும். ஆன்டி ரோல் பாருக்கு (வளைவில் வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) நான் தயங்காமல் பாலியூரித்தேன் போடுவேன். தினமும் ஓட்டும் வண்டியின் பட்டைக்கும் கண்ட்ரோல் ஆர்முக்கும் என் ஓட்டு ரப்பருக்குத்தான்.

கிட்டைப் பிரித்ததும் ஒரு விஷயம் பாருங்கள். சில பாலியூரித்தேன் கிட்டுகள் பழைய வெளிக்குழாயை அப்படியே கண்ணுக்குள் விட்டுவைத்து அதற்குள் மாட்டும்படி வரும். வெளிக்குழாயை அறுத்து எறிந்த பிறகு இது தெரியவந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

ரொம்பப் பழைய, கனமான லாரிகளில் ரப்பரே இருக்காது. பித்தளை அல்லது வெண்கல புஷ், அதற்குள் ஷாக்கிளின் (பட்டையின் பின்கண்ணைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) பின், கிரீஸ் நிப்பிள். அதில் புஷ் ஏற்றிய பிறகு பின்னுக்குத் தகுந்த அளவில் துளையை ரீமர் போட்டுச் சரிசெய்ய வேண்டி வரும். அது வேறு வேலை, இங்கே சொல்வது ரப்பர் புஷ்ஷைப் பற்றி.

அடியில் போவதற்கு முன்

ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான், தாங்க அல்ல; தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். சமமான கெட்டித் தரை வேண்டும், மண் தரை வேண்டாம். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பட்டை வேலை என்றால் ஸ்டாண்டு நிற்க வேண்டிய இடம் சேஸிஸ். பட்டையின் முன் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் சரியாக இருக்கும். ஆக்சிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி, ஏற்றி இறக்க. வைத்த பிறகு வண்டியைப் பக்கவாட்டில் பலமாக ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

முன்னால் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டியில் கீழ் கண்ட்ரோல் ஆர்மைக் கழற்றினால், அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வேகத்தில் தெறிக்கும். ஸ்பிரிங் கம்ப்ரசர் வைத்துப் பழகாதவர்கள் அந்த வேலையை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவது நல்லது. டார்ஷன் பார் வண்டியிலும் முறுக்கு ஏறித்தான் நிற்கும். ஆனால் அதைச் சரிசெய்யும் போல்ட் வழியாக மெல்ல இறக்கலாம். தளர்த்துவதற்கு முன் அந்தப் போல்ட்டின் மரை எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். திரும்ப வண்டியின் உயரத்தைப் பிடிக்க அந்த அளவுதான் துணை.

ஒரே நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். மறுபக்கம் ஆக்சிலைப் பிடித்திருக்கும். எது எப்படி இருந்தது என்று சந்தேகம் வந்தால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளவும் செய்யலாம்.

போல்ட்

வேலைக்குச் சில நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டியது இது. கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நட்டிலும் உள்குழாயின் இரண்டு முனையிலும் துரு இளக்கும் எண்ணெயைத் தெளியுங்கள். மறுநாளும் தெளியுங்கள். எண்ணெய் உள்ளே இறங்க நேரம் எடுக்கும், வேலையன்று காலையில் தெளித்தால் தரைதான் நனையும்.

புது போல்ட், நட்டு, பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். பழையதை நம்பிக்கொண்டு இறங்காதீர்கள். தலையில் உள்ள குறியைப் பார்த்து அதே வலிமையில் வாங்க வேண்டும்: மெட்ரிக் போல்ட்டில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். அங்குல அளவுப் போல்ட்டில் தலையில் கோடுகள் இருக்கும், 3 கோடு என்றால் கிரேடு 5, 6 கோடு என்றால் கிரேடு 8. 10.9 இருந்த இடத்தில் 8.8 போடக் கூடாது.

இன்னொன்று, போல்ட் உருவி வெளியே வர இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பல பிக்கப்புகளில் முன்கண் போல்ட்டின் தலை டீசல் டேங்க் பக்கமாக இருக்கும். நட்டு கழன்றுவிடும், போல்ட் பாதி வந்து டேங்கில் முட்டும். அப்படியானால் டேங்கைத் தளர்த்தி இறக்குவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நட்டு கழன்றதும் போல்ட் தலையில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேராக உள்குழாயின் தெரியும் முனையில் ஒரு கோடு போடுங்கள். நீளக் கைப்பிடி மாட்டித் தலையை மெதுவாகத் திருப்புங்கள். தலைக்கோடு நகர்ந்து குழாய்க்கோடு நின்றால் பிழைத்தோம், போல்ட் தனியாக விட்டுவிட்டது. இரண்டு கோடும் சேர்ந்தே நகர்ந்து, கையை விட்டதும் ரப்பர் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால், போல்ட்டும் உள்குழாயும் துருவில் ஒன்றாகிவிட்டன. அதற்கு மேல் நெம்புவதில் பயனில்லை. நீங்கள் ரப்பரைத்தான் முறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

எண்ணெய், முன்னும் பின்னும் திருப்பல், நட்டை முனை வரை ஏற்றி அதன்மேல் பித்தளைத் தண்டு வைத்துச் சுத்தியல் அடி. இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் அறுத்துவிடுவதே மரியாதை. கண்ணுக்கும் பிராக்கெட் காதுக்கும் இடையில் உள்ள மெல்லிய சந்தில் ரம்பத்தை விட்டு இரண்டு பக்கமும் அறுத்தால் பட்டை கீழே வந்துவிடும். டேங்க் பக்கத்தில் இருந்தால் கிரைண்டர் வேண்டாம், பொறி பறக்கும். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம். தீ ஒரு பக்கம் இருக்கட்டும், பட்டை பதமேற்றிய எஃகு. ரொம்பச் சூடு ஏறினால் கண் பகுதியின் பதம் போய்விடும். எரியும் ரப்பரின் புகையும் மூச்சுக்கு ஆகாது.

பட்டையை இறக்குவது

சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்தி, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஷாக் அப்சார்பரின் கீழ் முனையை விடுவியுங்கள். பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் வயர் எதுவும் விறைத்து நிற்கவில்லையே என்று பாருங்கள். ஆக்சில் ஒருபோதும் ஹோஸில் தொங்கக் கூடாது.

இப்போது ஆக்சில் ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி, பட்டையில் பாரமும் இல்லாத, இழுப்பும் இல்லாத இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஷாக்கிள் போல்ட்டைக் கையால் திருப்ப முடிந்தால் அந்த இடம் வந்துவிட்டது. பாரம் இருக்கும்போது போல்ட்டை அடித்தால் வராது, வந்தாலும் பட்டை குதிக்கும். யூ போல்ட்டைக் கழற்றி, முதலில் ஷாக்கிள் பக்கம், அப்புறம் முன்கண். பட்டைக்கட்டு நல்ல கனம். இறக்கும்போது இன்னொரு ஆள் வேண்டும்.

பட்டை வெளியே வந்த நிலையில் தகடுகளுக்கு நடுவில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள். மறுபடி இந்த வாய்ப்புக் கிடைக்க வருடங்கள் ஆகும்.

பழைய புஷ்ஷை எடுப்பது

ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்குத் தடித்த மரைக்கம்பி ஒன்று, இரண்டு நட்டு, கனமான வாஷர்கள், ஒரு குழாய்த்துண்டு, ஒரு பெரிய சாக்கெட் போதும். குழாய்த்துண்டின் உள்விட்டம் புஷ்ஷின் வெளிக்குழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், புஷ் அதற்குள் வந்து இறங்கப்போகிறது. மறுபக்கம் தள்ளும் சாக்கெட் வெளிக்குழாயைவிட மயிரிழை சின்னதாக இருக்க வேண்டும். கம்பியின் மரையில் கிரீஸ் தடவி, நட்டைத் திருப்பத் திருப்ப புஷ் ஊர்ந்து வெளியே வரும்.

வரவில்லை என்றால் ரம்பம்தான். ரப்பரில் வட்டமாக டிரில் போட்டு உள்குழாயைப் பிடுங்கி எறியுங்கள். மிச்ச ரப்பரைக் கத்தியால் சுரண்டினால் வெளிக்குழாயின் உள்பக்கம் தெரியும். ஹேக்சா பிளேடைக் கழற்றிக் கண்ணுக்குள் நுழைத்து மறுபடி பிரேமில் மாட்டி, குழாயின் நீளவாக்கில் ஒரே கோடாக அறுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். குழாய்த்தகடு மெல்லியது, அதற்கு அடுத்தது பட்டையின் கண். அவசரப்பட்டு அறுத்தால் கண்ணில் கீறல் விழும், கீறல் விழுந்த இடத்தில் பிற்பாடு விரிசல் ஓடும். கொஞ்சம் அறுத்துவிட்டு நிறுத்தி, சின்ன உளியின் முனையை வெட்டின் ஓரத்தில் வைத்து லேசாகத் தட்டிப் பாருங்கள். தகடு இன்னும் ஒட்டியிருந்தால் உளி வழுக்கும். ஒரு முனையில் வெட்டு முழுதாக இறங்கியிருந்தால் ஓரம் உதடுபோல உள்நோக்கி மடங்கும். மடங்கிய இடத்தில் உளியை நுழைத்து இன்னும் இரண்டு தட்டு தட்டினால், அதுவரை அசையாமல் இருந்த குழாய் பிடி தளர்ந்து கையோடு வந்துவிடும்.

கண்ணின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, துரு மேடுகள் போகும்வரை சுத்தம் செய்யுங்கள். உலோகத்தைச் சுரண்டிப் பெரிதாக்க வேண்டாம், புது புஷ் இறுக்கமாக ஏறுவதுதான் சரி.

புதுசை ஏற்றுவது

வெளிக்குழாயில் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். என்ஜின் ஆயிலும் சாதாரணக் கிரீஸும் ரப்பருக்கு எதிரி. புஷ்ஷைச் சில மணி நேரம் ஃபிரீசரில் வைத்தால் கொஞ்சம் சுருங்கும், தொடக்கம் சுலபமாக இருக்கும். நேராக உட்கார்கிறதா என்று முதல் சில மில்லிமீட்டரிலேயே பார்த்துவிடுங்கள். சாய்ந்து ஏறினால் பின்வாங்கி மறுபடி ஆரம்பியுங்கள். தள்ளுவது வெளிக்குழாயின் விளிம்பை மட்டும். உள்குழாயையோ ரப்பரையோ தள்ளினால் ஒட்டு விட்டு, மாட்டும் முன்பே புஷ் பாழாகும்.

கண்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷுக்கும் இதே முறைதான், கூடுதலாகச் சில விஷயம். ஆர்மின் காதுகளுக்கு நடுவில் சரியான நீளத்தில் ஒரு குழாய்த்துண்டை முட்டுக் கொடுக்காமல் அழுத்தினால் காது வளைந்துவிடும். சில புஷ்களில் ரப்பருக்கு நடுவே வெற்றுப் பள்ளங்கள் விட்டிருப்பார்கள். அவை எந்தத் திசையைப் பார்த்தபடி இருந்தன என்று கழற்றும் முன் குறித்துக்கொண்டு அதே திசையில் ஏற்ற வேண்டும். கேம் போல்ட் (திருப்பி அலைன்மென்ட்டைச் சரிசெய்யும் போல்ட்) இருந்தால் அதன் வட்டும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில் உளியால் ஒரு கோடு போடுங்கள், பெயின்ட் கோடு அழிந்துவிடும். வேலை முடிந்து அலைன்மென்ட் பார்க்கும் இடம் வரை வண்டி நேராகப் போக அந்தக் கோடு உதவும்.

ஆன்டி ரோல் பார் புஷ் எல்லாவற்றிலும் சுலபம். இரண்டு போல்ட், ஒரு பிராக்கெட், வாய்பிளந்த புஷ். இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருந்தால் பாரில் முறுக்கு இருக்காது. புதிதாக வேலை பழகுகிறவர்கள் இதில் தொடங்கலாம்.

மாட்டி இறுக்குவது

பட்டையைத் தூக்கி வைத்து, தகடுகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சிலின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண் போல்ட்டின் வழவழப்பான உடம்பில் மட்டும் துரு பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை தடவுங்கள். அடுத்த முறை ரம்பம் எடுக்க வேண்டியிருக்காது. மரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரையில் வழவழப்பு இருந்தால் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) காட்டும் அளவுக்கு மேல் போல்ட் இழுபட்டுவிடும். யூ போல்ட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, நாலையும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கண் போல்ட்டுக்கும் ஷாக்கிளுக்கும் இப்போது கை இறுக்கம் போதும்.

சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்குங்கள். பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு, வண்டியைக் கையால் ஓரிரு அடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். பட்டை தன் இடத்தில் உட்காரும். மறுபடி கட்டை கொடுத்துவிட்டு, இந்த நிலையில்தான் கண் போல்ட்டையும் ஷாக்கிள் போல்ட்டையும் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். அடியில் நுழைய இடம் போதவில்லை என்றால் ஸ்டாண்டுகளை ஆக்சிலுக்கு அடியில் வையுங்கள். வண்டியின் பாரம் பட்டை வழியாக இறங்கினால் சரி, சக்கரம் தரையில் இருக்க வேண்டும் என்று இல்லை. கண்ட்ரோல் ஆர்முக்கு, டார்ஷன் பாரைப் பழைய அளவுக்கு ஏற்றி, உயரம் சரியான பிறகுதான் இந்த இறுக்கம்.

பாலியூரித்தேன் புஷ் சுற்றுவதால் அதற்கு இந்த முறுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அதே முறையில் இறுக்குவதில் நஷ்டமும் இல்லை.

முன்பக்கம் கைவைத்திருந்தால் நேராக அலைன்மென்ட்டுக்குப் போங்கள். பின்பட்டை மட்டும் என்றால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்கார்ந்ததும் யூ போல்ட்டின் இறுக்கம் குறைந்திருக்கும். அப்படியே விட்டால் முதலில் உடைவது சென்டர் போல்ட்.